நீருக்கு ஒதுக்காத நிலம்: நகரத் திட்டமிடலில் மீள்திறன், சென்னையை முன்வைத்து

1. கேள்வி

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணிநேரத்துக்குள் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுவிட்டன. முதல் நிகழ்வில் மக்கள் மொட்டைமாடிகளில் படகுக்குக் காத்திருந்தார்கள். இரண்டாவதில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். இவ்விரு பேரிடர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சென்னைக்கென்று ஒரு மீள்திறன் வியூகம் தயாரிக்கப்பட்டு, தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளியிடப்பட்டது.

மீள்திறன் என்ற கருத்து சென்னை போன்ற ஒரு நகரத்தின் திட்டமிடலில் எதைத் தெளிவாக்குகிறது, எதைக் கண்ணுக்கு மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நான் முன்வைக்கும் வாதம் இதுதான்: சென்னையைப் பொறுத்தவரை மீள்திறன் அடிப்படையில் நிலப் பங்கீட்டின் கேள்வி. எந்த நிலம் நீருக்கு, எந்த நிலம் கட்டடத்துக்கு, யார் எந்த நிலத்தில் குடியிருக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் நகரத்தின் மீள்திறன் உருவாகிறது, அல்லது அழிகிறது. இந்த முடிவுகளைத் தொடாமல் எச்சரிக்கைக் கருவிகள், விழிப்புணர்வு, மக்களின் மனஉறுதி ஆகியவற்றை மட்டும் பேசும் மீள்திறன், பேரிடரின் காரணத்தை விட்டுவிட்டு அதன் பின்விளைவை மட்டும் நிர்வகிக்கிறது.

2. கருத்து வந்த வழி

இன்று திட்டமிடல் ஆவணங்களில் புழங்கும் மீள்திறன் சூழலியலிலிருந்து வந்தது. கனடாவைச் சேர்ந்த சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையே அதன் தொடக்கப்புள்ளியாகப் பெரும்பாலோரால் சொல்லப்படுகிறது. ஒரு காட்டையோ ஏரியையோ அதன் சமநிலையை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது என்றார் அவர். கனடாவின் ஊசியிலைக் காடுகளில் ஒருவகைப் புழு சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, மரங்களைப் பெருமளவில் அழிக்கிறது. ஆண்டுக்காண்டு எடுத்த கணக்கைப் பார்த்தால் அந்தக் காடு நிலையற்றது. நீண்ட காலக் கணக்கிலோ, இந்த ஏற்ற இறக்கமே வெவ்வேறு மரவகைகள் சேர்ந்து வாழ இடம் கொடுத்து, காட்டைக் காடாக நீடிக்கவைக்கிறது. புழுவை அறவே ஒடுக்கி மரங்களின் எண்ணிக்கையை மாறாமல் வைத்திருக்க முயன்றால், அடுத்த பெருக்கத்துக்கு மேலும் பெரிய களத்தை அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

1996இல் ஹோலிங் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கினார். ஓர் அமைப்பு குலைந்தபின் எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளப்பது ஒருவகை. அதைப் பொறியியல் மீள்திறன் என்றார். எவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிய பிறகும் அமைப்பு தன் இயல்பை இழக்காமல் நீடிக்கிறது என்று அளப்பது இன்னொரு வகை. அது சூழலியல் மீள்திறன். முதலாவது நேரத்தை அளக்கிறது. இரண்டாவது இடத்தை, அதாவது ஏற்ற இறக்கத்துக்கு விடப்பட்டிருக்கும் இடைவெளியை அளக்கிறது. நகரத் திட்டமிடலுக்குள் நுழைந்தபோது இக்கருத்து இழந்தது இந்த இரண்டாவது பொருளையே என்று நான் கருதுகிறேன்.

2000களில் பேரிடர் மேலாண்மை இக்கருத்தைக் கையிலெடுத்தது. 2005 முதல் 2015 வரைக்குமான ஹியோகோ செயல்திட்டமும், அதைத் தொடர்ந்து 2030 வரை நீளும் செண்டாய் செயல்திட்டமும் அதை உலக நாடுகளின் பொது இலக்காக்கின. 2013இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ‘100 மீள்திறன் நகரங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. திடீர் அதிர்ச்சிகளும் நாள்பட்ட அழுத்தங்களும் எவையாக இருந்தாலும் பிழைத்து, தகவமைந்து, வளரும் ஆற்றலே மீள்திறன் என்பது அதன் வரையறை. அந்த வரையறைக்குள் ‘வளர்தல்’ எப்படி இடம்பிடித்தது என்பது கவனிக்கத்தக்கது. ஹோலிங்கின் காடு நீடித்தது. அது வளர்ந்தே தீர வேண்டும் என்று அவர் எங்கும் கேட்கவில்லை. 2014 டிசம்பரில் சென்னை இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சரியாக ஓராண்டில் பெருவெள்ளம் வந்தது. 2019இல் சென்னையின் வியூகம் வெளியான சிறிது காலத்திலேயே அந்த உலகளாவிய திட்டம் மூடப்பட்டது. வெளியிலிருந்து வரும் நிதியையும் நிறுவனத்தையும் நம்பி ஒரு நகரம் தன் நீண்டகாலச் சிந்தனையை அமைத்துக்கொள்வதில் உள்ள பலவீனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

3. விமர்சனங்கள்

கல்விப்புலத்தில் இக்கருத்தின் மீதான விமர்சனம் மூன்று திசைகளிலிருந்து வந்திருக்கிறது.

முதலாவது, தெளிவின்மை. சாரா மீரோவும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வில் நகர மீள்திறனுக்கு 25 வெவ்வேறு வரையறைகளைக் கண்டெடுத்தார்கள். மீள்திறன் யாருக்கு, எதற்கு எதிராக, எந்தக் காலத்துக்கு, எந்த எல்லைக்குள் என்று கேட்காமல் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது அவர்களுடைய முடிவு. திட்டமிடல் வரலாற்றாளர் லாரன்ஸ் வேல் இதே கேள்வியை இன்னும் நேரடியாகக் கேட்டார்: யாருடைய நகரம்?

இரண்டாவது, அரசியல். ஜெரமி வாக்கரும் மெலிண்டா கூப்பரும் 2011இல் எழுதிய கட்டுரை இக்கருத்தின் வம்சாவளியைத் தேடிச் சென்றது. அரசு தன் கடமைகளிலிருந்து விலகி, நெருக்கடியைச் சமாளிக்கும் பொறுப்பைத் தனிமனிதரிடம் தள்ளும் பொருளாதாரச் சிந்தனையோடு இது எளிதில் பொருந்திப்போவதால்தான் இவ்வளவு விரைவாகப் பரவியது என்பது அவர்களுடைய வாதம்.

மூன்றாவது குரல் பாதிக்கப்பட்டவர்களுடையது. 2005 கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸில், 2006 ஜனவரியில் வெளியான மறுசீரமைப்பு வரைபடம் ஒன்று தாழ்வான சில குடியிருப்புகளின் மேல் பச்சை வட்டங்களை இட்டு, அவற்றை எதிர்காலப் பூங்கா நிலங்களாகக் காட்டியது. அவற்றில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். தங்கள் தெருவின் மேல் ஒரு பச்சைப் புள்ளி விழுந்திருப்பதை அம்மக்கள் நாளிதழில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்நகரின் வழக்கறிஞர் டிரேசி வாஷிங்டன், எங்களை மீள்திறன் உள்ளவர்கள் என்று அழைப்பதை நிறுத்துங்கள் என்ற பொருளில் விடுத்த வேண்டுகோள் பரவலாக அறியப்பட்டது. மரியா கைகா 2017இல் எழுதிய விமர்சனத்துக்கு அதுவே உந்துதல். எங்களைத் தாங்கிக்கொள்ளப் பழக்காதீர்கள், நாங்கள் தாங்கவேண்டியிருப்பதன் காரணத்தை அகற்றுங்கள் என்பதே அதன் சாரம்.

இந்த மூன்றும் எனக்கு ஏற்புடையவையே. ஆனால் கருத்தையே கைவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஹோலிங்கின் சூழலியல் பொருளில் சென்னையைப் படிக்கும்போது, வேறெந்தக் கருத்தும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாத ஒன்று புலப்படுகிறது. அதற்கு 2015க்கும் அதற்கு முன்னாலும் போக வேண்டும்.

4. வெள்ளத்தின் கணக்கு

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஒரு நூற்றாண்டில் அரிதான அளவு. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. இந்த நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் எதிரெதிராக நின்றன. இவ்வளவு மழையை எந்த நகரமும் தாங்காது, பொறியாளர்கள் விதிப்படியே நடந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. நீரை முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருக்க வேண்டும், தாமதமே கொன்றது என்றார்கள் எதிர்த்தரப்பினர். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்ந்து, இதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது.

ஏரியின் மதகை மட்டும் பேசும் இந்த விவாதம் போதாது. அடையாற்றின் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி செம்பரம்பாக்கத்துக்கு வெளியே இருக்கிறது. மணிமங்கலம், ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர் எந்தக் கதவின் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் ஆற்றுக்கு வந்தது. அந்த நீர் தங்கிச் செல்ல வேண்டிய தாழ்நிலங்களில் வீட்டுமனைகள் இருந்தன. ஆற்றின் மேல் பாலம் கட்டி நீட்டிய விமான ஓடுபாதை இருந்தது. தணிக்கை அறிக்கையில் என் கண்ணுக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறொரு செய்தி: செம்பரம்பாக்கத்தின் நீர்ப்பிடிப்பிலேயே தனியார் நிலங்கள் இருந்ததும், ஏரியை முழுக் கொள்ளளவுக்குத் தேக்குவதற்கு அது தடையானதும். மதகைத் திறந்த நேரம் பற்றிய கேள்விக்குப் பின்னால், ஏரிக்கு உரிய நிலம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி கிடக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் நாடெங்கும் பேசப்பட்டது சென்னை மக்களின் மனத்திண்மை. மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள், பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் கோயில்களிலும் உலை கொதித்தது. அது உண்மை, போற்றத்தக்கது. நகரம் இரண்டே வாரங்களில் இயல்புக்குத் திரும்பியதாக எழுதினார்கள். பொறியியல் மீள்திறன் என்ற அளவுகோலின்படி சென்னை நன்றாகவே தேறியது. ஆனால் அது திரும்பிச் சென்ற அந்த ‘இயல்பு’தான் வெள்ளத்தை உண்டாக்கிய நில அமைப்பு என்பதை அந்த அளவுகோல் காட்டாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறுபடி மூழ்கின.

5. ஏரிகளின் மேல் எழுதிய வரைபடம்

சென்னை சமவெளி நகரம். கொற்றலை ஆறு, கூவம், அடையாறு, தெற்கே கோவளம் நோக்கி வடியும் சதுப்புநிலம் ஆகிய நான்கு வடிகால்களும் மிக மெல்லிய சரிவில் கடலுக்குப் போகின்றன. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் ஆண்டின் பெரும்பங்கு நீர் வந்துவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கத்தான் செங்கல்பட்டுச் சீமை முழுவதும் ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தன. மேலேரியின் கலங்கலில் வழியும் நீர் மறுகால் வழியாகக் கீழேரிக்கு வரும். கடைசி ஏரியும் நிரம்பிய பிறகே ஆறு பெருகும். வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கும் அதே அமைப்பு கோடைக்கு நீரையும் நிலத்தடி ஊற்றையும் சேமித்தது. 2015க்கும் 2019க்கும் காரணம் ஒன்றே என்று சொல்வதன் பொருள் இதுதான். நீரைத் தங்கவைக்கும் இடத்தை இழந்த நகரம் மழைக்காலத்தில் மூழ்கும், கோடையில் காயும்.

அந்த இடத்தை இழக்கச் செய்தவர்கள் யார்? பொதுவாகச் சொல்லப்படும் விடை, ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. ஆவணங்கள் காட்டுவது வேறு. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக நீண்டுகிடந்த நெடிய ஏரியை 1920களில் வடித்து, தியாகராய நகரை உருவாக்கியது அன்றைய நகரத் திட்டம். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டிலிருந்து இன்று எந்த ஏரியும் தெரியாது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி கிடந்த இடத்தில்தான். பின்னாளில் வீட்டுவசதி வாரியம் முகப்பேரிலும் அம்பத்தூரிலும் எழுப்பிய குடியிருப்புகள் ‘ஏரித் திட்டம்’ என்ற பெயரையே தாங்கின. முகவரியில் ஏரி உண்டு, தரையில் இல்லை. பக்கிங்காம் கால்வாயின் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. இவை எவையும் இரவோடிரவாக யாரோ செய்த திருட்டு அல்ல. அரசாணையோடும், நில வகைமாற்றத்தோடும், அனுமதி பெற்ற வரைபடத்தோடும் நடந்தவை.

சென்னைப் பெருநகரத்தின் நிலப் பயன்பாட்டை வகுக்கும், 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் பெருந்திட்டம் இந்த வரலாற்றை முற்றிலும் அறியாததல்ல. செங்குன்றம் நீர்ப்பிடிப்பு, பள்ளிக்கரணைச் சதுப்பு, திருவான்மியூருக்குத் தெற்கே நிலத்தடி நீர் ஊறும் கடலோர மணற்பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகளை அது விதித்தது. ஆனால் அதே காலத்தில் பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப நெடுஞ்சாலையாக அகலப்படுத்தப்பட்டு, நகரத்தின் வளர்ச்சி முழுவேகத்தில் அந்தச் சதுப்பை நோக்கியே திருப்பப்பட்டது. ஒரு கை கட்டுப்பாட்டை எழுத, மறுகை சாலையைப் போட்டது. 1960களில் ஏறக்குறைய 5,500 ஹெக்டேர் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பு அதில் சிறு பங்காகச் சுருங்கியது. அதன் ஒரு பகுதி பெருங்குடி குப்பைமேடாகவும் மாறியது. 2022இல் அது ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது தாமதமான நல்ல செய்தி.

6. சதுப்பின் ஓரத்தில் குடியேற்றம்

இழந்த இடத்தை மீட்க முயன்றபோது யாருடைய இடம் முதலில் எடுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் மையமான சான்று.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பலவும், 2000 முதலே கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களும் துரைப்பாக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசைவரிசையாக நிற்கின்றன. இவை எல்லாம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பும் அதன் வடிகாலும் சூழ்ந்த தாழ்நிலத்தில். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், இன்னொரு வெள்ள நிலத்தில் இறக்கப்பட்டார்கள். 2015இல் செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் நீர் சூழ்ந்தது. 2023இல் பெரும்பாக்கத்தை மீண்டும் சூழ்ந்தது.

2015க்குப் பின் இந்த இடமாற்றம் வேகம் பிடித்தது. ஆறுகளைச் சீரமைக்கவும் நகரத்தின் மீள்திறனை உயர்த்தவும் கரைகள் காலியாக வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சிந்தாதிரிப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு வீட்டுவேலை, கட்டட வேலை, மீன் விற்பனை, பிள்ளைகளின் பள்ளி, அரசு மருத்துவமனை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்குப் போக அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவே இடம்பெயர்ந்த பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டார்கள். வேலையும் உறவும் கடன் கொடுக்கும் கடையும் ஓரிடத்தில் அமைந்திருப்பதுதான் ஓர் ஏழைக் குடும்பத்தின் மீள்திறன். அதைக் கலைத்துவிட்டு நகரம் தன் மீள்திறனைக் கூட்டிக்கொண்டதாகக் கணக்கு எழுதியது.

காரென் கோயெல்ஹோவும் நித்யா ராமனும் 2010இலேயே, 2015 வெள்ளத்துக்கு ஐந்தாண்டுகள் முன்பே, சென்னை நீர்வழிகளில் நடந்த வெளியேற்றங்களை ஆராய்ந்து, நீர்நிலைகளை மீட்பது என்ற பெயரில் குடிசைகள் பலியாடாக்கப்படுவதையும், அதே நீர்நிலைகளின் மேல் எழுந்த பெரிய கட்டுமானங்கள் கேள்விக்கு வெளியே நிற்பதையும் காட்டினார்கள். ஆற்றங்கரைக் குடிசை ஆற்றின் அகலத்தில் எடுத்துக்கொண்ட இடத்தையும், ஏரியின் மேல் எழுந்த ஒரு முழு நகர்ப்பகுதி எடுத்துக்கொண்ட இடத்தையும் ஒரே தராசில் வைத்து எந்த அரசு ஆவணமும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்ல வேண்டும். ஆற்றின் விளிம்பில் மனிதர்கள் வாழ்வது உண்மையிலேயே ஆபத்தானது. 2015இல் அங்கே உயிர்கள் போயின. அவர்களை அங்கேயே விட்டுவைக்கச் சொல்வது எப்படி நியாயமாகும்? கேள்வி நியாயமானது. ஆற்றின் ஓட்டத்துக்கு நேரடியாக உட்பட்ட வீடுகள் நகர்த்தப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நகர்த்துவது என்றால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று ஆனது எப்படி என்பதே என் கேள்வி. சென்னையிலேயே வேறு அனுபவம் உண்டு. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டம், குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே பட்டா, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு மேம்படுத்தியது. கூடவே, அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் அடிப்படை வசதிகளோடு சிறு மனைகளைப் பிரித்துக் கொடுத்தது. தோல்வியடைந்த அணுகுமுறை என்று வங்கியே பின்னாளில் ஒதுக்கிவைத்த அத்திட்டத்தை ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகியோர் 2018இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். அந்த மனைப்பிரிவுகள் பல வருமானப் பிரிவினர் கலந்து வாழும் உயிர்ப்பான குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். நகரத்துக்குள் நிலம் கொடுக்க மனமிருந்தபோது வழியும் இருந்தது.

7. வெளியிலிருந்து எடுத்த நீர்

2019 கோடையில் நாளொன்றுக்கு வழக்கமாக வழங்கிய 83 கோடி லிட்டர் சுமார் 52 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. கைவிடப்பட்ட சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து சேர்ந்தது. அது காவிரி நீர். வீராணம் குழாய், கிருஷ்ணா நீர், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள், திருவள்ளூர் வயல்களின் கிணறுகள், தென்புறக் கிராமங்களிலிருந்து ஓடிய தனியார் லாரிகள் எல்லாம் சேர்ந்துதான் நகரத்தைத் தாங்கின.

சென்னை அந்தக் கோடையைக் கடந்தது என்பது உண்மை. ஆனால் லாரி இறைத்துச்சென்ற கிராமத்தில் கிணறு வறண்டதை யாருடைய மீள்திறன் கணக்கில் எழுதுவது? நகர எல்லைக்குள் மட்டும் அளக்கும்போது கிடைக்கும் மீள்திறனில் ஒரு பங்கு, எல்லைக்கு வெளியே ஏற்பட்ட பற்றாக்குறையால் ஆனது. மீரோவின் ‘எந்த எல்லைக்குள்’ என்ற கேள்வி இங்கேதான் தன் முழு எடையோடு வந்து நிற்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இதற்கு நேர்மாறான சிந்தனை. வீட்டின் மேல் விழும் நீரை வீட்டின் கீழேயே இறக்கும் அந்தச் சட்டத்துக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். பராமரிப்பையும் கண்காணிப்பையும் கைவிட்டதால் அது பாதியில் நின்றது.

8. ஏரி மரபைப் பற்றி ஓர் எச்சரிக்கை

ஏரிகளைப் பற்றி எழுதும்போது எளிதில் ஒரு பொற்காலம் உருவாகிவிடுகிறது. முன்னோர் ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்தார்கள், நாம் மறந்துவிட்டோம், மறுபடி அங்கே போக வேண்டும் என்ற கதை சொல்வதற்கு இனிமையானது. டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல் இதைக் கலைக்கிறது. தமிழகக் கண்மாய்ப் பகுதிகளை நீண்டகாலம் ஆராய்ந்த அவர், நீர்ப் பங்கீடும் பராமரிப்பும் ஊரின் அதிகார அமைப்போடும் சாதியோடும் பிணைந்திருந்ததைக் காட்டினார். இரவில் கரையில் நின்று மதகைத் திறந்தவர்களும் உடைப்பை அடைத்தவர்களும் பெரும்பாலும் தலித் மக்கள். பாசன நிலம் இருந்தது வேறு கைகளில்.

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களில் தலித் மக்களின் பங்கு மிகப் பெரிது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஏரி அமைப்பின் நீரியல் அறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அதன் சமூக அமைப்பை மீள்திறனின் முன்மாதிரியாக வைக்க முடியாது. நீரின் ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்ட அந்தக் காலத்திலும், அந்த இடத்தைக் காக்கும் ஆபத்தான வேலை ஒரு பிரிவினர்மீதே சுமத்தப்பட்டது.

9. இடம்விடுதல்: ஒரு வெளியூர் அனுபவம்

1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு நெதர்லாந்து தன் கரைகளை மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பவில்லை. 1995இல் அங்கே ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ‘ஆற்றுக்கு இடம்’ என்ற திட்டத்தின்கீழ் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகள் பின்னே தள்ளப்பட்டன, வெள்ளச் சமவெளிகள் தாழ்த்தப்பட்டன. ஓவர்டீப்ஸே என்ற இடத்தில் விவசாயிகளே மாற்றுத்திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள்: நிலத்தை வெள்ளம் எடுத்துக்கொள்ளட்டும், வீடுகளையும் தொழுவங்களையும் மண்மேடுகளின் மேல் கட்டித் தாருங்கள் என்றார்கள். அப்படியே நடந்தது. எல்லாரும் அங்கேயே தங்கவில்லை; சில குடும்பங்கள் வேறிடம் போயின.

பணமும் நிர்வாக வலுவும் உள்ள நாட்டின் அனுபவத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அதில் எனக்குப் பயன்படுவது ஒன்றுதான்: நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் முதலிலிருந்தே இருந்தார்கள், அவர்களிடம் நிலவுரிமை இருந்தது என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. பட்டா இல்லாத ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. ஆகவே நிலவுரிமையை, வெள்ளத் தடுப்பிலிருந்து தனியே நிற்கும் நலத்திட்டமாகப் பார்க்கக்கூடாது. மீள்திறன் திட்டத்தின் முதற்படியே அதுதான்.

10. மூன்றாம் பெருந்திட்டத்தின் முன்

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2026க்குப் பிறகான இருபதாண்டுகளுக்கு மூன்றாம் பெருந்திட்டம் தயாராகி வருகிறது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஏரிகள் இன்னும் ஏரிகளாகவே இருக்கின்றன. தியாகராய நகருக்கு இனி ஏரியைத் திருப்பித்தர முடியாது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் கலங்கலையும் மறுகாலையும் சர்வே எண்ணோடு வரைபடத்தில் பதித்து, வகைமாற்றத்துக்கு அப்பாற்பட்ட நிலமாக அறிவிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஏரியின் பரப்பை மட்டும் காத்து, ஏரிக்கு நீர் வரும் வழியையும் போகும் வழியையும் மனைகளாக அனுமதித்தால், பாதுகாக்கப்பட்ட ஏரி காய்ந்த மைதானமாகவோ ஊரை மூழ்கடிக்கும் குளமாகவோ ஆகும்.

மீள்திறன் என்ற பெயரில் தயாராகும் எந்தத் திட்டமும் இரண்டு கணக்குகளை வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. இந்தத் திட்டத்தால் நீர் தங்கும் பரப்பு எத்தனை ஹெக்டேர் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது ஒன்று. அதற்காக இடம்பெயரும் குடும்பங்கள் எத்தனை, அவர்கள் எங்கே போகிறார்கள், அந்த இடம் கடந்த வெள்ளங்களில் மூழ்கியதா என்பது மற்றொன்று. எச்சரிக்கைச் செயலிகளும் வடிகால்களும் தேவைதான். இந்த இரு கணக்குகளுக்கு அவை மாற்றாகா.

இந்தக் கணக்கைக் கேட்பதற்கான களம் ஏற்கெனவே நம்முன் இருக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் தளத்தில் ஏரிகளும் நஞ்சை நிலங்களும் கணிசமாக உள்ளன. அத்தளத்துக்குள் வரும் ஏகனாபுரம் கிராம மக்கள் அன்றுமுதல் போராடி வருகிறார்கள். பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர் ஏரி நோக்கிக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் அத்தளத்தின் ஊடே செல்கிறது. திருப்பெரும்புதூர் ஏரியின் உபரி நீர் வந்து சேர்வது செம்பரம்பாக்கத்துக்கு. அந்தக் கால்வாயும் அதன் வழியிலுள்ள ஏரிகளும் மழைக்காலத்தில் எவ்வளவு நீரைத் தேக்கிவைக்கின்றன, அவற்றை எடுத்துவிட்டால் அந்த நீர் எந்த நாளில் எந்த வேகத்தில் அடையாற்றுக்கு வரும் என்ற கணக்கு பொதுமக்கள் படிக்கக்கூடிய வடிவில், தமிழில், நிலம் கையகப்படுத்தி முடிப்பதற்கு முன்பாக வெளியிடப்பட வேண்டும். ஏகனாபுரத்து விவசாயி கேட்பதும் சைதாப்பேட்டைக் கரையில் குடியிருப்பவர் கேட்க வேண்டியதும் அந்த ஒரே கணக்கைத்தான்.